பீடத்துக்கு அந்தப் பக்கம்

மைசூரின் பெரிய கோயில் ஒரு சிறுமியின் பெயரில் நிற்கிறது. 1802ல் ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் எலும்புகளாகக் கண்டெடுக்கப்பட்ட பிலோமினாவுக்குப் பதின்மூன்று வயது இருந்திருக்கும் என்பார்கள். அவள் பெயரில் கோயில் எழுப்ப 1933 அக்டோபர் 28 அன்று அடிக்கல் நாட்டியவர் மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையார். 1961ல் வழிபாட்டு நாள்காட்டிகளிலிருந்து அவள் பெயரை எடுக்கும்படி ரோம் சொன்னது. மைசூர்க்காரர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதை நிறுத்தவில்லை. நிலவறைப் படிகளில் இறங்கினால், படுத்த கோலத்தில் அவள் சிலை. அங்கே என்னைக் கூட்டிப்போன அத்தைக்கும் பிலோமினா என்றுதான் பெயர்.

நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போனது வேறொரு சின்னப் பங்குக்கோயில். எழுபதுகளின் கடைசி. சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவோடு நானும் போவேன். தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய மைசூர் மல்லிகையைப் பெண்கள் தொடுத்துக்கொண்டிருப்பார்கள். பீடத்துத் தரையைத் துடைப்பது, பீடத் துணிக்கு இஸ்திரி போடுவது, மெழுகுவர்த்தித் தண்டில் வழிந்து உறைந்த மெழுகை வெந்நீர் ஊற்றிச் சுரண்டுவது எல்லாம் பெண்கள் வேலை. மெழுகு எனக்கு. நகக்கண்ணில் ஏறிக்கொண்டு ராத்திரி சோற்றிலும் அந்த வாசம் வரும். கிராதியைத் தாண்டிப் பீடத்தின் எந்த மூலைக்கும் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

விடிந்தால் ஞாயிறு. அதே கிராதிக்கு இந்தப் பக்கம், தலையில் முக்காடோடு பெண்கள் வரிசையில் முழங்காலில் இருப்பேன். என் தம்பி சிவப்பு அங்கியும் அதன்மேல் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு மணி அடிப்பான். பாதி நாள் தப்பான நேரத்தில் அடிப்பான். நான் ஏன் அடிக்கக் கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டேன். இயேசு ஆம்பளை, அப்போஸ்தலர்கள் ஆம்பளைங்க, அதனால்தான் என்று பதில் வந்தது. வீட்டில் அம்மா, "சாமி விஷயத்துல அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, கண்ணு" என்றார். ஒரு குழந்தைக்கு ஆண், பெண் என்பதைப் பற்றி அன்று சபையும் வீடும் கற்றுத்தந்தது அவ்வளவுதான். சனிக்கிழமை தொடலாம், ஞாயிற்றுக்கிழமை தொடக்கூடாது.

1994ல் ரோமிலிருந்து கடிதம் வந்தது. ஆயர் சம்மதித்தால் சிறுமிகளும் பீடத்தில் உதவலாம். எங்கள் பங்குக்கு அது வந்துசேர மேலும் பல வருஷம் ஆயிற்று. பெரிய வியாழனன்று பெண்களின் பாதமும் கழுவலாம் என்று 2016 ஜனவரியில் ஆணை வந்தது. அதே வருஷம் ஜூனில் மகதலா மரியாவின் நினைவு நாளை அப்போஸ்தலர்களுக்குரிய விழாவாக உயர்த்தினார்கள். உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு சீடர்களுக்குப் போய்ச் சொன்னவள் அவள். இதை என் சின்ன வயதில் ஒருவராவது அழுத்திச் சொல்லியிருந்தால், 'அப்போஸ்தலர்கள் ஆம்பளைங்க' என்ற பதிலோடு நான் வீடு திரும்பியிருக்கமாட்டேன்.

இப்போது புதுநன்மைக்குத் தயாராகும் ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். கேள்வி கேட்காதே என்று அவர்களிடம் சொல்வதில்லை. "டீச்சர், கடவுள் ஆம்பளையா?" என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்டுவிடுவார்கள். ஆணுமில்லை, பெண்ணுமில்லை, அந்த வேறுபாட்டைக் கடந்தவர் என்று 1992ல் வந்த சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. ஆனால் ஏழு வயதுக்கு அது எட்டாது. லூக்காவின் பதினைந்தாம் அதிகாரத்தைத் திறக்கிறேன். காணாமல் போன ஆட்டைத் தேடும் மேய்ப்பனைப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவன் படம் இல்லாத கிறிஸ்தவ வீடு கிடையாது. மகனுக்காகக் காத்திருந்த அப்பாவையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் இருக்கிறாள். பத்து வெள்ளிக்காசில் ஒன்று தொலைந்ததற்காக விளக்கேற்றி, வீடெல்லாம் பெருக்கித் தேடுகிறாள். கடவுள் நம்மைத் தேடுவதைச் சொல்ல வந்த இயேசு, மேய்ப்பனையும் அப்பாவையும் வைத்த அதே வரிசையில் இவளையும் வைத்தார். அவள் படத்தை நான் எந்த வீட்டுச் சுவரிலும் பார்த்ததில்லை. அதனால் பிள்ளைகளையே வரையச் சொல்கிறேன். போன வருஷம் ஒரு பையன் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு தேடும் பெண்ணை வரைந்தான், கால் மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில், "கடவுள்" என்று எழுதியிருந்தான்.

எங்கள் பீடத்தில் இன்று மணி அடிப்பவர்கள் பெரும்பாலும் சிறுமிகள். எனக்கு அதில் நிறைந்த சந்தோஷம். ஆனால் பையன்கள் குறைந்துவிட்டார்கள். ஒருவனைக் கூப்பிட்டால், "அது பொண்ணுங்க வேலை, டீச்சர்" என்கிறான். அன்று எங்களுக்குப் பெரியவர்கள் போட்ட கிராதியை இன்று இவன் தனக்குத்தானே போட்டுக்கொள்கிறான். சிறுமிகளுக்கு வழி திறந்தபோது பையன்களோடு யாரும் உட்கார்ந்து பேசவில்லை. விளக்கேற்றுவதும் பூ வைப்பதும் துடைப்பதும் யாரையும் பெண்ணாக்கிவிடாது என்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால் கழுவியது அவர்கள் பாடத்தில்தானே இருக்கிறது? அதனால் சனிக்கிழமைத் துப்புரவுக்கு இப்போது பையன்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். மெழுகு சுரண்டுவதற்கு அவர்களுக்குள் அடிதடி.

இன்னொரு கேள்வி மெட்ரோபோல் சர்க்கிள் சிக்னலில் பிறக்கிறது. ஆட்டோவுக்குள் கை நீட்டும் திருநங்கையைப் பார்த்து, "அவங்க யாரு?" என்று குழந்தை கேட்கும். எங்கள் காலத்தில் வாயைப் பொத்துவார்கள். இன்றைய பிள்ளைகள் திருநங்கையான மஞ்சம்மா ஜோகதியைத் தெரியாமல் வளர வேண்டியதில்லை. நாட்டுப்புறக் கலைகளுக்கான கர்நாடக ஜானபத அகாடமிக்குத் தலைவராக இருந்தவர். 2021 நவம்பரில் பத்மஸ்ரீ வாங்கும்போது சேலைத் தலைப்பால் குடியரசுத் தலைவருக்குத் திருஷ்டி கழித்தார். அந்த வீடியோவை வகுப்பில் காட்டிவிட்டு, திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்துக்குப் போவேன். தேரில் ஏசாயாவைப் படித்துக்கொண்டு போன எத்தியோப்பிய அதிகாரியை எங்களுக்கு ராணியின் நிதி அமைச்சர் என்று மட்டும் சொல்லித்தந்தார்கள். அவர் விதையடிக்கப்பட்டவர். பழைய சட்டப்படி ஆண்டவரின் சபைக்குள் வர முடியாதவர். ஞானஸ்நானம் பெற எனக்குத் தடை என்ன என்று அவர் கேட்டபோது, தேரில் அவரோடு உட்கார்ந்து நற்செய்தி சொன்ன பிலிப்பு ஒரு தடையும் சொல்லாமல் தேரிலிருந்து இறங்கி அவரோடு தண்ணீருக்குள் போனார். குழந்தைகளிடம், "அவரை உடம்பைக் காட்டி வெளியே நிறுத்தியிருந்தாங்க, பிலிப்பு நிறுத்தல" என்பதற்கு மேல் நான் சொல்வதில்லை. அந்த வயதுக்கு அது போதும்.

ஒரு தாய் இதற்காக என்னைத் தேடி வந்தார். "சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, டீச்சர்? கடவுள் ஆணும் பெண்ணுமாத்தானே படைச்சார்?" அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆமாம், படைத்தார், சபை அதைத்தான் போதிக்கிறது, நானும் அதையே சொல்லித்தருகிறேன் என்றேன். இருவரையும் தம் சாயலில் படைத்தார் என்பதும் அதே வசனத்தில்தான் வருகிறது. திருநங்கையர் ஞானஸ்நானம் பெறலாம் என்று 2023 அக்டோபரில் ரோம் சொன்னதையும், பாலினக் கோட்பாட்டை 2024 ஏப்ரலில் அதே ரோம் கண்டித்ததையும், அந்தக் கண்டிப்புக்குள்ளும் யாருடைய மாண்பும் குறையாது என்று எழுதியதையும் மறைக்காமல் சொன்னேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. அடுத்த வகுப்புக்குத் தானும் வந்து உட்காரலாமா என்று கேட்டார். தாராளமாக வாங்க, தொடக்கநூல் முதல் அதிகாரம்தான் பாடம், விவிலியம் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்துவிடுங்கள் என்றேன். வகுப்பில் இருக்கும் பிரதிகள் பிள்ளைகளுக்கே போதவில்லை.