கேளுங்க அண்ணாச்சி: மன்னிப்பே இல்லாத பாவம் உண்டா?

கே: பரிசுத்த ஆவியைப் பழிச்சுப் பேசினா இம்மையிலும் மறுமையிலும் மன்னிப்பு கிடையாதுன்னு தியானப் பிரசங்கத்துல கேட்டேன், அண்ணாச்சி. சின்ன வயசுல வலை அறுந்த கோவத்துல வாயில வந்ததையெல்லாம் சொல்லியிருக்கேன். ஆவியானவரையும் விட்டுவைக்கல. எனக்கு வழி உண்டா?
— வள்ளத்துக்காரர், புன்னக்காயல்

ப: வலை அறுந்தவன் வாயிலிருந்து ஸ்தோத்திரம் வரும் என்று ஆண்டவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் முதலில் கூப்பிட்ட நாலு பேரும் மீன்பிடிகாரர்கள். அந்தப் பாஷை அவருக்குப் பழக்கம்தான்.

பிரசங்கத்தில் அந்த வசனத்தைப் பாதியில் பிடித்து வாசித்திருக்கிறார்கள். மாற்கு 3-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். முந்தின வரியிலேயே மனுஷர் செய்யும் எல்லாப் பாவத்துக்கும், பேசும் எல்லாத் தூஷணத்துக்கும் மன்னிப்பு உண்டு என்று இருக்கிறது. பிந்தின வரியில், யாரைப் பார்த்து இதைச் சொன்னார் என்பதும் இருக்கிறது. பேய் பிடித்தவர்கள் தெளிந்து போவதைக் கண்ணால் பார்த்துவிட்டும், ‘இது பேய்த் தலைவன் வேலை’ என்று சாதித்த படித்த மனுஷர்கள் அவர்கள். சாகும்வரை மனம் திரும்ப மாட்டேன் என்கிற அடம்தான் அந்தப் பாவம் என்றார் அகுஸ்தீனார். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1864-ஆம் எண்ணும் அதையேதான் சொல்கிறது: கடவுளின் இரக்கத்துக்கு எல்லை கிடையாது, ஆனால் வேண்டாம் என்று மனமறிந்து மறுப்பவனுக்கு அதைத் திணிக்க முடியாது. பந்தியில் உட்கார்ந்துகொண்டு இலையை மூடிவிட்டவனுக்கு யார் பரிமாறுவது? இத்தனை வருஷம் கழித்தும் தூக்கம் கெட்டு எழுதியிருக்கிறீர்களே, உங்கள் இலை திறந்துதான் கிடக்கிறது.

கே: சில பாவத்தை ரோமாபுரிதான் மன்னிக்கணுமாமே?
— உபதேசியார் மகள், வீரபாண்டியன்பட்டினம்

ப: உண்டு தாயி, ஆனால் அந்தப் பட்டியலில் நமக்கு அதிக வேலையில்லை. நற்கருணையை அவமதிப்பது, போப்பாண்டவரை அடிப்பது, அனுமதியில்லாமல் ஒருவரை ஆயராக்குவது, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்வது, தன்னோடு மோகபாவம் செய்த ஆளுக்குத் தானே பாவமன்னிப்பு கொடுப்பது. பின்னால் சொன்ன மூன்றையும் அங்கி போட்டவர்கள்தான் செய்ய முடியும். போப்பை அடிக்கவோ முதலில் விசா எடுக்க வேண்டும்.

இவற்றுக்கும் மன்னிப்பு இல்லாமல் இல்லை. யாரிடம் கேட்பது என்பதுதான் வேறு. அந்த ஏற்பாடும் அவ்வப்போது இளகுகிறது. கருக்கலைப்புப் பாவத்தை எல்லாக் குருக்களும் மன்னிக்கலாம் என்று இரக்கத்தின் யூபிலி ஆண்டுக்காகப் போப் பிரான்சிஸ் கொடுத்த அதிகாரம், 2016 நவம்பரில் நிரந்தரமாகிவிட்டது. உயிர் ஊசலாடும் நேரத்திலோ எந்தக் குருவும், குருத்துவப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர்கூட, எந்தப் பாவத்தையும் மன்னிக்கலாம்.

கே: பறங்கிச் சாமிமாருக்குத் தமிழ் தெரியாது, நம்ம முப்பாட்டன்மாருக்குப் போர்ச்சுக்கீசு தெரியாது. அப்போ பாவசங்கீர்த்தனம் எப்படி நடந்திருக்கும்?
— கல்லூரி மாணவி, தூத்துக்குடி

ப: நடுவில் ஒரு துபாஷி இருப்பார். அவர் உன் சொந்த மச்சானாக இருந்தால் என்ன கதி என்று யோசித்துப் பார். ‘மச்சான் வள்ளத்திலிருந்து ஒரு கட்டுக் கயிறு எடுத்தேன் சாமி’ என்பதை அந்த மச்சானே போர்ச்சுக்கீசில் சொல்லியாக வேண்டும். துபாஷியும் ரகசியம் காக்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் அன்றைக்குச் சாயங்காலம் கரையில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

இந்தச் சங்கடத்தைத் தீர்த்தவர் நம்ம ஊர் மண்ணில் நடமாடிய என்றீக்கே என்றீக்கசு, அதாவது அண்டிரிக் அடிகளார். 1547-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழை இலக்கணத்தோடு படித்தார். துபாஷியை அனுப்பிவிட்டு நேரடியாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். புன்னக்காயலில் ஆஸ்பத்திரியும் நடத்தினார். 1578-ல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அதுதான், மொத்தம் 16 பக்கம். அடுத்த இரண்டே வருஷத்தில், 1580-ல், பாவசங்கீர்த்தனம் செய்யும் முறைக்கென்று ‘கொம்பெசியோனாயரு’ கொச்சியில் அச்சாகி வந்தது. தமிழில் அச்சு பிறந்து தவழும் பருவத்திலேயே இப்படி ஒரு புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், நம்ம கரையின் நிலைமையை நீயே ஊகித்துக்கொள்.

இனிமேல்தான் விஷயமே. இந்த மனுஷர் யூத வம்சத்தில் வந்தவர். 1497-ல் போர்ச்சுக்கல் ராஜா யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைத்தார். அப்படி மாறிய குடும்பங்களைப் ‘புதுக் கிறிஸ்தவர்’ என்று ஒதுக்கியே வைத்தார்கள். துறவியாகச் சேர்ந்த அண்டிரிக்கைப் பிரான்சிஸ்கன் சபை இந்த ரத்தத்தைக் காரணம் காட்டி வெளியே அனுப்பியது. 1545-ல் சேசுசபை சேர்த்துக்கொண்டது. அதே சேசுசபை 1593-ல், யூத, முஸ்லிம் வம்சத்தார் இனி எங்களுக்கு வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அப்போது இவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அரை நூற்றாண்டாக இந்தக் கரையில் உழைத்துக்கொண்டிருந்தார். 1600-ல் காலமானார். அந்தத் தடை முழுசாக நீங்கியது 1946-ல்.

கொலைக்கும் களவுக்கும் மன்னிப்பு உண்டு என்று நமக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தவருக்கு, இன்ன வயிற்றில் பிறந்ததற்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. பறங்கி புத்தி என்று நாம் சிரிக்கவும் முடியாது. சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்த சுவரை வடக்கன்குளம் கோயிலில் 1910-ல்தான் இடித்தார்கள். மன்னிப்பே இல்லாத பாவங்களைத் தேடுகிறவர்கள் வேதாகமத்தைப் புரட்டுவதைவிட நம்ம ஊர்களைச் சுற்றி வந்தால் நிறையக் கிடைக்கும்.

கே: எங்க பெரியப்பா தன் கையாலேயே உயிரை விட்டவர். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே உடைமரத்தடியில் புதைச்சாங்க. கல்லறைத் திருநாளுக்கு அங்க மெழுகுதிரி வைக்கலாமா?
— பெயர் வேண்டாம், மணப்பாடு

ப: வையுங்கம்மா. அவர் பேருக்குப் பூசையும் கேளுங்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டப் புத்தகத்தில், மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் மறுக்கப்பட்டிருந்தது. 1983-இல் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. அப்படிப் போனவர்களின் ஈடேற்றத்தைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்று மறைக்கல்வியின் 2283-ஆம் எண் சொல்கிறது. மனம் நொந்த நிலை பொறுப்பைக் குறைக்கும் என்பதையும் திருச்சபை ஒத்துக்கொள்கிறது. பிரான்சில் ஆர்ஸ் ஊரின் பங்குச்சாமியாக இருந்த ஜான் வியான்னி, பாலத்திலிருந்து குதித்தவரின் மனைவியிடம், பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் மனஸ்தாபப்பட அவருக்கு நேரம் இருந்தது என்றாராம். உடைமரத்துப் பக்கம் காற்று அதிகம், ஒரு சிம்னியும் கொண்டுபோங்கள்.

கே: நேரா ஆண்டவர்கிட்ட கேட்டா போதாதா? நடுவில் எதுக்கு சாமியார்?
— சி.எஸ்.ஐ. வாசகர், நாசரேத்

ப: இந்தச் சண்டைக்கு ஐந்நூறு வயசாகிறது. இந்தப் பக்கத்தில் முடியாது. உங்கள் ஆராதனையிலும் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னதும் ஐயர் எழுந்து மன்னிப்பு கூறுகிறாரே, அதைக் கேட்காமல் நடுவில் வெற்றிலை போடப் போய்விடுவீர்களா?

கே: ஏலத்துல எடை குறைச்சுக் கொடுத்தா சாவான பாவமா, அற்பப் பாவமா?
— மீன் வியாபாரி, காயல்பட்டினம் சாலை

ப: எத்தனை கிலோ என்று எழுதவில்லையே! சக்கேயு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். நீங்கள் முதலில் குறைத்த எடையைக் கொடுங்கள், மீதியைப் பங்குச்சாமியிடம் பேசிக்கொள்ளலாம்.

கே: கூடப்பிறந்த அண்ணன் எஞ்சின் பங்குல என்னை ஏமாத்திட்டான். ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னா, கணக்குப்படி 490. அதுக்கு மேல?
— தம்பி, புன்னக்காயல்

ப: இதுவரை எத்தனை தரம் ஆகியிருக்கிறது தம்பி? ஒன்றுதானே? அந்த ஒன்றை மன்னியுங்கள். மன்னித்தால் பங்கைக் கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எஞ்சின் வாங்கின ரசீது உங்கள் பேரில் இருந்தால் எடுத்துக்கொண்டு ஊர்க் கமிட்டிக்குப் போங்கள். அண்ணன் பேரில் இருந்தால் அண்ணியிடம் போங்கள்.