அண்டாவில் நீட்டல் விகாரம்: திருவண்ணாமலை வீட்டுப் பானங்கள் குறித்து ஓர் ஆய்வு

கார்த்திகை தீபத்துக்கு மலையுச்சிக் கொப்பரையில் எத்தனை கிலோ நெய்யும் எத்தனை மீட்டர் திரித்துணியும் செலவாகும் என்ற கணக்கு ஆண்டுதோறும் செய்தித்தாளில் வந்துவிடுகிறது. மலை 2,668 அடி, ராஜகோபுரம் 217 அடி, கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இத்தனையையும் அளந்து வைத்திருக்கும் ஊரில், பௌர்ணமியன்று ஒரு நடுத்தரக் குடும்பம் எத்தனை லிட்டர் பானகம் கரைக்க வேண்டும் என்பதற்கு மட்டும் வாய்ப்பாடு கிடையாது. தமிழாய்வின் இந்தப் பெருங்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை எழுந்தது என்க.

முதலில் ஆய்வெல்லை. வீட்டில் செய்து உறவுக்கும் நட்புக்கும் ஊற்றப்படுபவை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படும். கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு வழங்குபவை உணவுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அங்கே நமக்கு வேலையில்லை. விசேஷ வீடுகளின் மொட்டை மாடியில் சித்தப்பாக்கள் சிலர் தனியே நடத்தும் பான ஆராய்ச்சியும் விலக்கப்படுகிறது. அந்தத் தரவுகள் மறுநாள் காலையில் ஆய்வாளர்களுக்கே நினைவிருப்பதில்லை.

இந்த ஊர் ஏன் களமாயிற்று என்று கேட்கலாம். இது அக்னித் தலம். கத்தரி வெயில் நாட்களில் அண்ணாமலையாருக்கே தாராபிஷேகம் நடக்கிறது. மேலே கட்டிய பாத்திரத்திலிருந்து லிங்கத்தின் மீது சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டே இருக்கும். நெருப்பு வடிவான கடவுளுக்கே குளிர்ச்சி தேவைப்படும் ஊரில் சைதாப்பேட்டையிலிருந்து வந்த மாமாவுக்குத் தேவைப்படாதா? மேலும், மற்ற ஊர்களில் உறவினர் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வருவார்கள், போய்விடுவார்கள். இங்கே மாதாமாதம் பௌர்ணமி வருகிறது. 1990களில் கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக, திருவண்ணாமலையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறவினர்களும் பெருகினார்கள். இரண்டுக்கும் உள்ள தொடர்பை நிறுவ எனக்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை.

ஆய்வின் மூலச் சிக்கல் வருவோரின் எண்ணிக்கை. மதியம் போன் வரும். "நாலு பேருதான் அத்தை வரோம். சுத்திட்டு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்படியே கிளம்பிடுவோம்." இங்கே நாலு என்றது உபலக்கணம். அதன் இனமான பிறவும் கொள்ளப்படும் என்பது உரைமரபு. அந்த இனத்தில் வேன் ஓட்டுநர், ஓட்டுநரின் மச்சான், "அருணாசலத்தைப் பார்த்ததே இல்லையாம்" என்று கூட்டி வரப்பட்ட அடுத்த வீட்டு அம்மா, அவர் பேரன் ஆகியோர் அடங்குவர். ஒரு வாய் தண்ணி என்றதும் அப்படியே.

ஆகவே அண்டா ஒரு கணக்குக்குக் கரைக்கப்படுகிறது; வேன் வேறொரு கணக்கோடு வந்து நிற்கிறது. இந்த இடைவெளியை இட்டு நிரப்பும் கலைக்கு இலக்கணத்திலிருந்தே பெயர் எடுத்து, நீட்டல் விகாரம் என்று அழைக்கிறேன். செய்யுளில் ஓசை குறைந்தால் புலவர் குறிலை நெடிலாக்குகிறார். அண்டாவில் பானம் குறைந்தால் இல்லத்தரசி குழாயைத் திறக்கிறார். இதற்கு நானே ஒரு நூற்பா செய்திருக்கிறேன்:

வந்தார் பெருகின் வெல்லம் பெருகா;
தண்ணீர் பெருகும்; சுக்கதைத் தாங்கும்;
உப்பொரு சிட்டிகை உண்மையை மறைக்குமே.

இதற்கு உரை தேவை. பானகத்தின் அடிப்படை அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ வெல்லம், இரண்டு எலுமிச்சம்பழம். குண்டு வெல்லத்தை அம்மிக்குழவியால் தட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட வேண்டும். கிளறக்கூடாது. தானே கரைந்து அடங்கியபின் பார்த்தால் அடியில் மண்ணும் கரும்புச் சக்கைத் தூசும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் வெள்ளை வேட்டித்துணியில் ஊற்றி வடிகட்டினால், துணியில் நிற்பது ஆலையின் வரலாறு, கீழே இறங்குவது பானகம். சுக்கையும் ஏலக்காயையும் நன்றாக இடித்துப் போட வேண்டும். எலுமிச்சை கடைசியில். பிழியும்போது விதை நசுங்கிவிட்டால் கசப்பு இறங்கும். அதன்பின் அண்டாவையே கொட்டினாலும் கசப்பு மனத்தில் நிற்கும், முக்கியமாக மாமியாரின் மனத்தில்.

இனி நீட்டல். வெறும் தண்ணீரை ஊற்றினால் எவரும் கண்டுபிடித்துவிடுவர். கைதேர்ந்தவர் தண்ணீரோடு கூடவே சுக்குப்பொடியைச் சற்றுக் கூட்டுகிறார். தொண்டையில் உறைப்பு ஏறினால் நாக்கு இனிப்பின் குறையைக் கேட்பதில்லை. ஒரு சிட்டிகை உப்பு, இருக்கிற இனிப்பை எடுத்துக் காட்டும். இத்தனையும் கதவுக்குப் பின்னால், ஹாலில் "கால் ரொம்ப வலிக்குதா?" என்று விசாரித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே நடந்து முடிகிறது. எல்லை தாண்டிவிட்டதா என்பதை அறிய ஒரே குறியீடு உண்டு. குடித்தவர் டம்ளரைக் கீழே வைத்து, "நல்லா லைட்டா இருக்குது" என்றால் தாண்டிவிட்டது.

எதிர்த்திசையில் ஆபத்து குறைவு. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு கிலோ சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். இந்த இயற்பியல் எல்லையை எந்தக் குடும்பமும் இதுவரை தொட்டதில்லை. போளூர்ப் பக்கம் பெரியம்மா ஒருவர் மட்டும் நெருங்கியிருக்கிறார்.

ராமநவமிப் பானகத்தில் சிக்கல் இன்னொரு படி ஏறும். படைப்பதற்கு முன் ருசி பார்க்கக்கூடாது. அதாவது சோதனை செய்யாமலே முடிவை வெளியிட வேண்டும். பல்கலைக்கழகங்களில் இது வழக்கம்தான் என்றாலும் சமையலறையில் கடினம். சிலர் முகர்ந்து சொல்கிறார்கள். சிலர் எவர்சில்வர் கரண்டியில் ஏந்தி நிறம் பார்க்கிறார்கள். குழந்தையும் தெய்வமும் ஒன்று, ஆகையால் குழந்தை குடித்துப் பார்ப்பது எச்சிலாகாது என்று வாதிடும் மூன்றாவது கட்சியும் உண்டு. இவர்கள் வீட்டுப் பானகமே எப்போதும் அளவாக இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். குழந்தை "இன்னும்" என்றால் தேறிவிட்டது.

நீர்மோருக்கு இந்த விகாரம் பொருந்தாது என்பது என் முடிவு. மிளகாயின் காரம் தண்ணீரில் கரைவதில்லை. மோரிலுள்ள கேசின் என்ற புரதம்தான் அதைப் பிடித்து நாக்கிலிருந்து அகற்றுகிறது. பச்சை மிளகாய் நறுக்கிப் போட்ட மோரில் நோயும் மருந்தும் ஒரே டம்ளரில் இருக்கின்றன. அதை நீட்ட நீட்ட மருந்து மெலிகிறது. அடியில் மிளகாய் அப்படியே காத்திருக்கிறது. அண்டாவின் கடைசி டம்ளரை வாங்கியவர் கண்ணில் நீரோடு விடைபெறுவதைப் பார்த்துப் பாசம் என்று எண்ணிவிடக்கூடாது.

ஆடி மாதக் கேழ்வரகுக் கூழ் பானமா உணவா என்பதில் இரு தரப்பு உண்டு. படவேடு ரேணுகாம்பாள் தொடங்கித் தெருமுனை மாரியம்மன் வரை இம்மாவட்டத்தில் கூழ் ஊற்றாத ஆடி இல்லை. மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் வெந்ததும் அதில் விட்டுக் கிண்டி, மறுநாள் மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் தூவிச் சொம்பில் ஊற்றுகிறார்கள். கையால் எடுக்காமல் அண்ணாந்து விடுவதால் பானமே என்கிறது ஒரு தரப்பு. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கேட்கிறதே, அது எப்படிப் பானமாகும் என்கிறது மறுதரப்பு. இரண்டாம் சொம்பு குடித்தபின் இரு தரப்பும் தூங்கிவிடுவதால் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

ரஸ்னா பற்றி ஒரு வரி. 1980களில் அது தொலைக்காட்சி வழியே வந்தபோது ஒரு பாக்கெட்டுக்கு 32 டம்ளர் என்றது விளம்பரம். நம் வீடுகள் அதைக் குறைந்தபட்ச எண்ணாகப் புரிந்துகொண்டன.

"எனக்குச் சர்க்கரை இருக்குது, ஜூஸ் வேணாம், பானகம் குடு" என்போர் தனி வகுப்பினர். வெல்லத்தின் பெரும்பகுதியும் சர்க்கரையிலுள்ள அதே சுக்ரோஸ்தான். இதை எடுத்துச் சொன்ன மருமகன்கள் எந்த வீட்டிலும் நல்ல பெயர் எடுத்ததில்லை.

கடைசியாக, நான் மிக முக்கியமாகக் கருதும் துறை: டம்ளர்க் கல்வெட்டியல். அண்ணாமலையார் கோயிலின் சோழர், போசளர், விஜயநகரக் கல்வெட்டுகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் நூலாகவே கொண்டுவந்துவிட்டது. வீட்டு எவர்சில்வர் டம்ளர்களின் அடியிலும் பக்கத்திலும் பாத்திரக்கடைக்காரர் புள்ளி புள்ளியாகப் பொறித்துத் தந்த எழுத்துகளை இதுவரை எவரும் படியெடுக்கவில்லை. தலைப்பெழுத்து, உறவு, விசேஷம், ஆண்டு ஆகிய நான்கும் இருந்தால் அது முழுமையான சாசனம். "மஞ்சள் நீராட்டு, மாமன் சீர், 1983" என்று ஒரே டம்ளரில் ஒரு தலைமுறை வரலாறு கிடைக்கும். தேய்த்துத் தேய்த்து ஆண்டு அழிந்த டம்ளர்களுக்கு எழுத்தமைதி கொண்டு காலம் கணிக்கலாம். புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் பழையது.

இந்தச் சாசனங்கள் வெளிப்படுத்தும் உண்மை சங்கடமானது. எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும், இருக்கும் டம்ளர்களில் கணிசமானவற்றில் அந்த வீட்டார் பெயர் இருக்காது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்புகளை 2019 ஜனவரி முதல் தமிழக அரசு தடை செய்தபின், விசேஷங்களில் எவர்சில்வர் டம்ளர் மீண்டும் புழக்கத்துக்கு வந்து இந்த இடப்பெயர்ச்சி இன்னும் வேகம் பிடித்திருக்கிறது. "போற வழியில குடிக்கிறதுக்கு" என்று ஒரு சொம்பு நிறைய மோரும் நான்கு டம்ளரும் வேனில் ஏறும். சொம்பு சில சமயம் திரும்பி வரும். ஆக, வாய்ப்பாடு கண்டுபிடிக்கக் கிளம்பிய இந்த ஆய்வு, அடிப்படை அலகான டம்ளரே ஒரு வீட்டில் நிலையாக இருப்பதில்லை என்ற இடத்தில் முட்டி நிற்கிறது.

எனவே பௌர்ணமிக்கு வரவிருக்கும் உறவினர்களுக்கு ஓர் ஆய்வாளனாக என் வேண்டுகோள். எத்தனை பேர் என்பதை ஓட்டுநரையும் சேர்த்து முதல்நாளே சொல்லிவிடுங்கள். வரும்போது பூவோ பழமோ வாங்குவதற்குப் பதில் ஒரு டஜன் எலுமிச்சம்பழமும் ஒரு கிலோ வெல்லமும் வாங்கி வாருங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் மேல்தட்டைப் பாருங்கள். அங்கே எங்கள் வீட்டுத் தலைப்பெழுத்தோடு ஏதாவது டம்ளர் இருந்தால் மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள்.