பம்பைக்கு முகம் எது? இசை மென்பொருளின் மேளச் சின்னங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை: பள்ளிப்பட்டு ஆந்திர எல்லை ஊர். 1960-இல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்தது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி கிளம்பும்போது, தமிழ்க்காரரானாலும் தெலுங்குக்காரரானாலும், தெருமுனையில் வருவது பம்பையா தவிலா என்று திரும்பிப் பாராமலே சொல்லிவிடுவார்கள். அவர்களையே கணினி முன் உட்காரவைத்து, இசை மென்பொருளில் பம்பையைத் தேடச் சொன்னால் விழிப்பார்கள். திரையில் இருப்பவை வெறும் வட்டங்கள். அவ்வட்டங்களின் இயல்பே இங்கு ஆராயப்படுகிறது.

முன்னோர் பணி: சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் ஏறத்தாழ முப்பது தோற்கருவிகளைப் பெயர் சொல்லி அடுக்கினார். படம் போடவில்லை, தப்பித்தார். மின்னணு இசைக்கருவிகளுக்காக 1991-இல் வந்த ஜெனரல் மிடி விதிமுறை, 35 முதல் 81 வரை 47 தாள ஒலிகளுக்கு எண் கொடுத்தது. விசிலுக்கே இரண்டு எண்: குட்டை விசில் 71, நெட்டை விசில் 72. பறை, பம்பை, உறுமிக்கு ஒன்றுமில்லை. யூனிகோடு தன் பங்குக்கு 2016-இல் ஒரு முரசு எமோஜியும் 2020-இல் ஒரு நீள்முரசு எமோஜியும் தந்தது.

முதல் தேற்றம்: எந்த மேளமும் முகத்துக்கு நேரே பார்த்தால் வட்டம், பக்கவாட்டில் பார்த்தால் டப்பா. நகத்தளவுச் சதுரத்தில் பறையும் கஞ்சிராவும் ஒன்றாகிவிடும். தவிலும் மிருதங்கமும் அப்படியே. இடை சிறுத்த உடுக்கையாவது தேறும் என்று நிமிர்ந்தால், உறுமியும் இடை சிறுத்து வந்து நிற்கிறது.

மறுப்பு: "தேமுதிகவின் முரசுச் சின்னத்தை வாக்காளர் நொடியில் கண்டுகொள்ளவில்லையா?" என்பர். கண்டுகொண்டனர். இரட்டை இலைக்கும் உதயசூரியனுக்கும் நடுவே முரசைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. வாக்குச்சீட்டு முழுக்க மேளங்களே நின்றிருந்தால் டெபாசிட் யாருக்குப் போயிருக்கும் என்பதே கேள்வி.

இரண்டாம் தேற்றம்: தோலை வரையாதே, அடியை வரை. பறைக்கு மெல்லிய நீளக் குச்சி ஒன்று, தடித்த குட்டைக் குச்சி ஒன்று. உறுமிக்குத் தேய்க்கும் வளைகுச்சி. தவிலுக்கு ஒருபுறம் கட்டைக் குச்சி, மறுபுறம் கூடு மாட்டிய விரல்கள். உடுக்கைக்கு அதன் இடையைப் பிடித்து அழுத்தும் கை. பம்பைக்கு மட்டும் விதிவிலக்கு: சேர்த்துக் கட்டிய இரட்டை உருளையே அதைக் காட்டிக்கொடுக்கும். இத்தேற்றத்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே கருவி பல ஒலி தரும். மிடியிலேயே மூடிய ஹைஹாட் தாளத்தட்டுக்கு எண் 42, திறந்ததற்கு 46. உறுமியைத் தேய்த்தால் ஓர் ஒலி, தட்டினால் வேறொன்று. கருவியை மட்டும் வரைந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். அடியை வரைந்தவருக்குக் கவலையில்லை.

முடிபு: மென்பொருள் செய்வோர் குச்சியையும் கையையும் வரையட்டும், படத்தின் கீழே பெயரையும் எழுதட்டும். பள்ளிப்பட்டில் விற்பதானால் தமிழிலும் தெலுங்கிலும் எழுதட்டும். பெயர் எழுதாத சின்னம் எத்தனை அழகாயிருந்தாலும் இவ்வாய்வு அதைத் தேர்ச்சியடையவில்லை என்றே அறிவிக்கிறது.