கோலுக்குப் பத்துப் பொருத்தம்

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் மாப்பிள்ளை பார்க்கும் கவனத்தோடு தூண்டில் கோல் பார்க்கிறார்கள். ஸ்பின்னர்பெய்ட் என்ற போலி இரைக்கென்றே தனியாக ஒரு கோல் வேண்டுமாம். அந்த இரையைத்தான் பாருங்களேன்: வளைந்த கம்பி, அதன் ஒரு கையில் சுழலும் உலோகத் தகடு, மறு கையில் ஈயத் தலையும் ரப்பர் பாவாடையும் கட்டிய முள். இப்படியொரு ஜந்து எந்த ஏரியிலும் பிறந்ததில்லை. பாஸுக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. மின்னி அதிர்ந்தால் கவ்விவிடும்.

ஆராய்ச்சி முழுக்கக் கோலுக்குத்தான். நீளம் 6½ முதல் 7 அடி, பலம் ‘மீடியம் ஹெவி’, நுனி வளையலாம், அடி வளையக் கூடாது. இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோல் ரொம்ப விறைப்பாக இருந்தால், மீன் வாயை மூடுவதற்குள் இரையைப் பிடுங்கிவிடுவோம். நுனி சற்று விட்டுக்கொடுத்தால்தான் முள் ஏறும். அரை அவுன்ஸ் இரைக்கு இவ்வளவு போதும். கடைக்காரர் விடுவாரா? கார்பன் இழை என்ன ரகம், கைப்பிடி தக்கையா நுரையா என்று விலையை ஏற்றிக்கொண்டே போவார்.

இத்தனை செலவில் பிடித்த மீனைப் பெரும்பாலும் ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அதுவும் பக்கத்துப் படகுக்காரரின் புதுக் கோலை நோக்கி நீந்திப் போகும்.