அருவி இலவசம், மற்றதெல்லாம் காசு!

இந்த வாரம் முதுகுப் பையும் ஐஸ்லாந்தும்.

ஐஸ்லாந்தில் அருவிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டா? (ஈரோடு வாசகர்)

அருவிக்குக் கிடையாது. பல இடங்களில் காரை நிறுத்தத்தான் காசு. பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்குகிறவரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அந்தச் சந்தோஷம், பக்கத்துக் கடையில் சாண்ட்விச் விலை கேட்கும்வரை நீடிக்கும்.

குடை எடுத்துப் போகட்டுமா? (நாகர்கோவில் வாசகி)

தாராளமாக. திரும்பி வரும்போது கம்பி மிஞ்சும். அங்கே மழை பக்கவாட்டில் அடிக்கும். நீர் புகாத மேல்கோட்டும் கால்சட்டையும்தான் துணை. செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் அருவிக்கு முன்னும் போகலாம், பின்னும் போகலாம். 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்குப் பின்புறம் நடைபாதையே இருக்கிறது. ஆனால் என் ஓட்டு, கொஞ்சம் தள்ளி ஒளிந்திருக்கும் கிளியூஃப்ராபூயிக்கு. ஓடையில் கிடக்கும் கற்களில் கால் வைத்துப் பாறை இடுக்குக்குள் நுழைய வேண்டும். உள்ளே கிணற்றடியில் நிற்கிற மாதிரி: சுற்றிலும் பாசி படிந்த சுவர், தலைக்கு மேல் ஒரு துண்டு வானம், அங்கிருந்து கொட்டும் தண்ணீர். செல்போன் லென்ஸைத் துடைத்து நிமிர்வதற்குள் மறுபடி நனைந்திருக்கும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா? (தென்காசி வாசகர்)

ஊர் குணம் போகாதே! தேங்காய் எண்ணெய் என்றால் பாட்டிலை விட்டே வெளியே வராது, கோடையிலும் உறைந்திருக்கும். தண்ணீரோ பனிப்பாறை உருகி வருவது. குளித்தே ஆக வேண்டுமென்றால் ஊருக்கு ஊர் வெந்நீர்க் குளம் உண்டு. இறங்குவதற்கு முன் பொது அறையில், பிறந்த மேனியாக, சோப்புப் போட்டுக் குளிப்பது கட்டாயம். கூச்சக்காரர்கள் அருவியை வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

ஒரு வாரத்தில் எத்தனை அருவி பார்க்கலாம்? (சென்னை வாசகர்)

கார் வைத்துக்கொண்டு எண்ணினால் எத்தனை வேண்டுமானாலும். அது பயணமல்ல, வருகைப் பதிவேடு. நீங்கள் ஒரே ஒரு ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடங்கள். 60 மீட்டர் உயரமும் 25 மீட்டர் அகலமுமாக விழுகிற ஸ்கோகாஃபாஸின் ஓரமாகப் படிக்கட்டு ஏறுகிறது. மேல்மாடத்தில் மூச்சு வாங்கி, படம் எடுத்து, கூட்டம் இறங்கிவிடும். அங்கேதான் ஃபிம்வோர்துஹால்ஸ் நடைபாதை தொடங்குகிறது. ஸ்கோகா ஆற்றை ஒட்டியே ஏறினால் இருபதுக்கு மேல் அருவிகள் வரிசையாக வரும். கீழே இருப்பதற்குத்தான் புகழெல்லாம். மேலே உள்ளவற்றைச் சீந்துவாரில்லை. அப்புறம் ஆறு விலகிவிடும். இரண்டு பனிமலைகளுக்கு நடுவே பனியும் கரிய எரிமலைச் சாம்பலும்தான். 2010 மார்ச்சில் வெடித்து முளைத்த இரண்டு குன்றுகளுக்கு மாக்னி, மோதி என்று பெயர். தோர் கடவுளின் பிள்ளைகள். கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர் நடந்து இறங்கினால் தோர்ஸ்மோர்க், அப்பா பெயரில் உள்ள பள்ளத்தாக்கு. ஜூலை, ஆகஸ்டில் போங்கள். மூடுபனி இறங்கினால் வீரம் காட்டாமல் திரும்பிவிடுங்கள்.

அருவியை ஒரு பெண் காப்பாற்றினாராமே? (மதுரை வாசகி)

சிக்ரீதுர் தோமஸ்தோத்திர். குல்ஃபாஸ் அருவியில் மின்சாரம் எடுக்கத் திட்டம் வந்தபோது, "வேலை தொடங்கினால் அருவியில் குதிப்பேன்" என்று மிரட்டியதாகக் கதை. வழக்கும் நடத்தினார். அவருக்கு வாதாடிய வக்கீல் ஸ்வேன் பியோர்ன்சன், 1944-ல் நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார். கடைசியில் அருவி தப்பியதற்குக் காரணம், எதிர்த்தரப்பு குத்தகைப் பணம் கட்டாததுதான். கடன்காரர்களாலும் சில சமயம் நாட்டுக்கு நன்மை உண்டு.

அழகே இல்லாத அருவி? (சேலம் வாசகர்)

டெட்டிஃபாஸ். 100 மீட்டர் அகலம், 44 மீட்டர் உயரம், சிமென்ட் கரைத்த நிறம். பனிப்பாறை அரைத்த வண்டலை அப்படியே அள்ளி வருகிறது. அழகிப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே; மல்யுத்தத்தில் எதிரே நிற்க ஆளிருக்காது.

சமைக்க கேஸ் கொண்டுபோக விமானத்தில் விடமாட்டார்களே? (திருச்சி வாசகி)

விடமாட்டார்கள். ஆனால் ஊர் திரும்புகிறவர்களுக்கும் அதே சட்டம்தானே? பெரிய கூடார முகாம்களின் சமையலறையில் ஒரு அலமாரி இருக்கும். பாதி தீர்ந்த கேஸ் டப்பா, அரை பாக்கெட் பாஸ்தா, உப்பு என்று விட்டுப் போயிருப்பார்கள். டப்பாவை ஆட்டிப் பார்த்து எடுங்கள். ரவை மட்டும் வீட்டிலிருந்தே வறுத்துக் கொண்டுபோய்விடுங்கள்.