எதிரெதிர் முனைகள்

1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். 1972 டிசம்பரில் ராஜாஜி, அடுத்த டிசம்பரில் பெரியார், 1975 காந்தி ஜெயந்தி அன்று காமராஜர். நான் இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள், தமிழ்நாட்டு மேடைகளை ஆண்ட நான்கு பேரும் சுவரொட்டியிலிருந்து சட்டம் போட்ட படத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்து வந்த கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பையன்கள் அவர்களைச் சேர்த்து ஒரு கிரிக்கெட் அணி அமைத்தோம்.

மதுரைப் பக்கம் ஒரு சிற்றூர் அது. தேர்வுக்குழு கூடியது சலூன் பெஞ்சில். கண்ணாடிக்கு மேலே 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்ற பலகை வெகுகாலமாகத் தொங்கியது. அதன் கீழே உட்கார்ந்துதான் ஊரே அரசியல் பேசியது. 1976-இல் நிலைமை வேறு. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். பலர் மிசா சட்டத்தில் சிறையில் இருந்தார்கள். சலூன் அண்ணன் அந்தப் பலகையைத் துடைத்து நேராக மாட்டிவிட்டு எங்களிடம் சொன்னார்: "உயிரோட இருக்கவங்க பேரு இங்க வரக்கூடாதுடா தம்பி. செத்தவங்கள வச்சு என்ன வேணா விளையாடுங்க."

அதுவே எங்கள் முதல் விதி ஆயிற்று. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியா 403 ரன் இலக்கை எட்டிப் பிடித்த ஏப்ரல் அது. யாரைப் பார்த்தாலும் கவாஸ்கர், விஸ்வநாத் என்றிருந்தோம். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பதினொரு எண்களை எழுதிக்கொண்டு உட்கார்ந்தோம். காரணம் சொல்லாமல் யாரையும் சேர்க்கக் கூடாது என்பது இரண்டாவது விதி. மூன்றாவது விதியை நாங்கள் எழுதவில்லை, தானாகவே வந்தது. இருப்பது ஒரே அணி.

காமராஜரைக் கேப்டனாக முன்மொழிந்தது தி.மு.க. வீட்டுப் பையன். 1963-இல் முதலமைச்சர் நாற்காலியைத் தானே விட்டுக் கட்சி வேலைக்குப் போனவர் அவர். நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவனிடம் மட்டையைக் கொடுக்கிறவன்தான் கேப்டன் என்று அவன் வாதாடினான். 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றதை அவனே எடுத்துச் சொன்னான். அவுட் என்றதும் நடுவரை முறைக்காமல் நடந்தவர் என்பது அவன் கட்சி.

அண்ணாவை ஓப்பனிங் இறக்கியது காங்கிரஸ் வீட்டுப் பையன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விடத் தெரிந்தவர் என்றான். 1963-இல் பிரிவினைத் தடைச் சட்டம் வந்தபோது திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டு, கட்சியைக் காப்பாற்றி, நான்கே ஆண்டில் கோட்டைக்குள் போனாரே, அதைச் சொன்னான். பதினான்கு வயதுப் பையனுக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், அவன் அப்பா வீட்டில் அண்ணாவைத் திட்டும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் திட்டுவாராம்.

வெகுநேரம் இழுத்தது ராஜாஜி, பெரியார் விவகாரம்தான். பெரியார் வேகப்பந்து என்பதில் இரண்டு பேச்சில்லை. சட்டமன்றத் தேர்தலில் நிற்கவே நிற்காத மனிதர், ஆகவே மட்டை பிடிக்க அவரைக் கடைசி ஆளாக எழுதினோம். ராஜாஜி சுழல்பந்து. எண்பது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, 1967-இல் தி.மு.க.வோடு கைகோத்துக் காங்கிரஸைக் கவிழ்த்தவரின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் சொல்வது? ஆனால் இருவரும் ஒரே அணியில் எப்படி என்று ஒருவன் எழுந்து நின்றுவிட்டான். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தெருத்தெருவாக எதிர்த்தவர் பெரியார். அடுத்த ஆண்டு ராஜாஜி பதவியை விட்டே போனார்.

கத்தரியை நிறுத்திவிட்டு அண்ணன்தான் பதில் சொன்னார். ராஜாஜியின் இறுதிச் சடங்குக்கு 93 வயதில் சக்கர நாற்காலியில் வந்து பெரியார் அழுததைப் பேப்பரில் பார்த்ததாகச் சொன்னார். "பவுலர் ரெண்டு பேரு ஒரே முனையிலிருந்தா போடுவான்? ஒருத்தன் அந்தப் பக்கம், இன்னொருத்தன் இந்தப் பக்கம். டீம் ஒண்ணுதானடா." நின்றவன் உட்கார்ந்தான். அரசியல் குறித்துப் பிறகு நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாக எனக்கு எதையும் சொல்லவில்லை.

கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா, முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் இருவரும் சண்டையில்லாமல் உள்ளே வந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் சேர்க்க வேண்டும் என்று என் அக்கா வாசலில் நின்றபடி சொன்னாள். 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் போன முதல் பெண், தேவதாசி ஒழிப்புக்குப் போராடியவர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் என்று காரணங்களை அடுக்கினாள். பொம்பளைங்க எங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று பையன்கள் மறுத்துவிட்டார்கள். அதே ஆண்டின் கடைசியில், சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியின் தலைமையில் இந்தியப் பெண்கள் அணி தன் முதல் டெஸ்டை வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராகப் பெங்களூரில் ஆடியது. அந்தச் செய்தியை அக்கா கத்தரித்து சலூனில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அண்ணன் அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தார்.

இப்போது அக்காவின் பேரன் அதே விளையாட்டைக் கைப்பேசியில் ஆடுகிறான். தலைவர் பெயரைச் சொன்னால் ஜெர்சி போட்ட படமாக நொடியில் வருகிறது. ஏலம் நடத்துகிறார்கள், கோடிக் கணக்கில் விலை வைக்கிறார்கள். முகச்சாயலும் தலைமுடியும் அவ்வளவு துல்லியம். ஆனால் காரணம் சொல்லும் விதி அங்கே இல்லை. ஒரே அணி என்ற விதியும் இல்லை. கட்சிக்கு ஓர் அணி, அதைவிட அதிகமாகச் சாதிக்கு ஓர் அணி. அவனுக்கு வந்த படங்களில் எதிரணித் தலைவர்களுக்குக் கோமாளி மூக்கு வைத்திருந்தார்கள். நாடே தலைவராக ஏற்றுக்கொண்டவர்களை ஒரு தெருவுக்கும் ஒரு பட்டத்துக்கும் சொந்தமாக்கி, அந்தச் சாதியின் கொடி நிறத்தில் சட்டை மாட்டியிருந்தார்கள். அம்பேத்கர் சிலைக்குக் கம்பிக்கூண்டு போட வேண்டிய நிலையில் இருக்கும் மாநிலத்தில் பையன்கள் வேறு எப்படி விளையாடுவார்கள்?

அவனிடம் நான் ஒரு கதை சொன்னேன். இது கற்பனை அணி அல்ல, மைதானத்தில் நடந்தது. பல்வங்கர் பாலு தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பராமரித்துக்கொண்டே இடக்கைச் சுழல்பந்து கற்றார். புனே இந்துக்கள் தங்கள் அணிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். பந்தை அவர் கையிலிருந்து வாங்கினார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவரைப் பெவிலியனுக்கு வெளியே நிறுத்தி, தூக்கி எறியும் மண் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். 1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார் அவர். பம்பாய்ப் போட்டிகளில் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. 1923-இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது.

இளம் அம்பேத்கர் பாலுவை மனதாரப் போற்றியவர். 1932 புனா ஒப்பந்தத்தில் அம்பேத்கரின் கையெழுத்தோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது; நம் ஊர் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா கையெழுத்துகளும் இருக்கின்றன. 1937 பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ், அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது இதே பாலுவை. அம்பேத்கர் வென்றார். ஒடுக்கப்பட்டவர்களில் ஒருவர் மைதானத்தில் கதவைத் திறந்தார், இன்னொருவர் சட்டத்தில் திறந்தார். அந்த இருவரையே எதிரெதிராக நிறுத்திப் பார்த்தது நம் அரசியல். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தப் பம்பாய்ப் போட்டியில் அணிகளே மதவாரியாகத்தான்: இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர், பிறகு மற்றவர்கள். 1940-இல் காந்தி அதை வெளிப்படையாக எதிர்த்தார். பள்ளி நாட்களில் கிரிக்கெட் பிடிக்காத மனிதர்தான், ஆனால் அணி பிரிக்கும் விதத்தில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. 1946-க்குப் பிறகு அந்தப் போட்டி நடக்கவில்லை. 1953-இல் டெல்லியில் வெள்ள நிவாரண நிதிக்காக நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆடியபோது பிரதமர் அணி, துணைக் குடியரசுத் தலைவர் அணி என்று பிரித்துக்கொண்டார்கள். 63 வயது நேரு காலில் பேட் கட்டிக்கொண்டு இறங்கினார்.

ஒழித்துக்கட்டிய அந்தப் பழைய முறையைத்தான் இன்று கைப்பேசியில் மறுபடி நடத்துகிறோம், அதுவும் மதத்தோடு நிற்காமல் சாதிவரைக்கும் இறங்கி. வரைந்து தருவது இயந்திரமாக இருக்கலாம், இன்னாரை இன்னாரோடு சேர்க்காதே என்று சொல்லிக் கொடுப்பது வீட்டுப் பெரியவர்கள்தான்.

பேரன் கேட்டுவிட்டு, "தாத்தா, பாலுவ யார் டீம்ல போடுறது?" என்றான். ஒரே டீம் போடு என்றேன். அம்பேத்கரும் அதிலேயே இருக்கட்டும் என்றேன். முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை அவன் பாட்டி சொன்னாள். இம்முறை மறுக்க ஆளில்லை.

உங்கள் வீட்டிலும் விடுமுறையில் இந்த விளையாட்டு நடக்கும். பிள்ளைகளோடு உட்காருங்கள். உங்கள் வீடு ஒருபோதும் ஓட்டுப் போடாத கட்சியிலிருந்து குறைந்தது நான்கு பேரையாவது சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் காரணம் கேளுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் தேடிப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். பல்வங்கர் பாலுவையே கேப்டனாகப் போடுங்கள்.