மஞ்சள் கொடிக்குக் கீழே

கரீபியக் கடலில், சின்னப் பாய்மரப் படகில், நண்பனோடு தீவு தீவாகத் திரிவது சொர்க்கம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சொர்க்கத்தில் படிக்குப் படி பாஸ்போர்ட் கேட்பார்கள்.

செயின்ட் லூசியாவின் வடமுனையில் நின்றால் வானம் தெளிந்த நாளில் மார்டினிக் தெரியும். நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். கிழக்கே இருந்து வீசும் வணிகக் காற்று அரை நாளில் கொண்டுபோய் விட்டுவிடும். இறங்கினால் பிரான்ஸ்! யூரோவை எடு, வண்டி ஓட்டினால் வலப்பக்கம் போ.

அதற்கு முன் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். கேப்டன் மட்டும் கரையேறிப் பதிவு செய்யலாம். மற்றவர் அதுவரை படகிலேயே கிடக்க வேண்டும். யார் கேப்டன் என்ற கேள்வி அதுவரை அந்த நட்பில் எழுந்ததே இல்லை. இந்த விதி தெரிந்த நிமிடம் இருவருமே பிறவிக் கேப்டன்கள்.

செயின்ட் லூசியாவிலாவது சுங்கம், குடியேற்றம், துறைமுகம் என்று மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மார்டினிக்கில் பல இடங்களில் கடையின் அல்லது உணவகத்தின் மூலையில் ஒரு கணினி, அவ்வளவுதான். நாமே தட்டிக்கொள்ள வேண்டும். விசைப்பலகையோ பிரெஞ்சுக்காரர்களுடையது. க்யூ இருக்க வேண்டிய இடத்தில் ஏ குந்தியிருக்கும். நட்சத்திரம் பார்த்துத் திசை சொல்கிற (அப்படித்தான் சொல்லிக்கொள்கிற) மாலுமி, சொந்தப் பெயரையே தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடிப்பார்.

படகில் நண்பன் வெயிலில் வெந்துகொண்டிருப்பான். பொழுது சாயும் நேரத்தில் கேப்டன் திரும்புவார், காகிதத்தோடும் லேசான பீர் வாசத்தோடும்.

“செம வரிசைடா மாப்ளே!”